சும்மா வந்த ஸ்ட்ராபெரி

தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம். ஊர் இருப்பது சுமார் 1,440 மீட்டர் உயரத்தில். பெயரை நம்பி இங்கே வீடு வாங்கினேன். ரோட்டுக்கு இறங்க 62 படி. சொல்லை நம்பும் புத்தி இன்னும் போகவில்லை.

"சும்மாதானே இருக்கீங்க, காய் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணிக்கு வீட்டில் இதுதான் பட்டம். பிரிஞ்சாங் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு போர்டு: ஸ்ட்ராபெரி ஐந்து பொட்டலம் வாங்கினால் ஒன்று பெர்சுமா. ஐம்பது வெள்ளியை நீட்டிவிட்டேன். காய் மறந்தே போனது.

என்ன செய்வது, அந்தச் சொல் எங்கள் ஆள். தமிழ்க் கடை மலாயில் 'கெடாய்' ஆனதுபோல நம் சும்மா 'சுமா' ஆகி, 'மட்டும்' என்ற பொருளில் குடியேறிவிட்டது. முன்னால் 'பெர்' ஒட்டினால் இலவசம். லத்தீன்காரன் இதற்கு 'கிராத்தீஸ்' என்பான். கிராத்தியா என்றால் தயவு, நன்றி. அதிலிருந்து வந்த 'கிராத்தியீஸ்' சுருங்கிய வினையடை அது. கூலி வேண்டாம், நன்றி போதும் என்று கணக்கு. நம் சும்மாவுக்கு நன்றிகூட வேண்டாம். பேசாமல், வேலையில்லாமல், காசில்லாமல், காரணமில்லாமல், இரண்டு தடவை சொன்னால் அடிக்கடி என்று எல்லாவற்றுக்கும் அதுவே. அருணகிரிநாதருக்கு முருகன் உபதேசித்ததே சும்மா இருப்பதைத்தான் என்று ஒருமுறை மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"முருகனுக்கு ஆக்கிப் போட ரெண்டு பேர் இருந்தாங்க."

வீட்டில் ஆறாவது பொட்டலத்தைப் பிரித்தோம். மேல்வரிசை மணப்பெண் மாதிரி சிவப்பு. அடிவரிசையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூனைமயிர். மறுநாள் கொண்டுபோய் நீட்டினால், "அங்கிள், அதுதான் பெர்சுமாவாச்சே" என்றான் கடைக்காரப் பையன். படியேறி வந்து அகராதியைப் புரட்டினேன். பெர்சுமாவுக்கு இன்னொரு பொருளும் இருந்தது: வீண்.

மற்ற ஐந்தும் கனிந்து வழியத் தொடங்கின. "ஜாம் காய்ச்சுங்க" என்று உத்தரவு. சீனி இரண்டு கிலோ, எலுமிச்சை நாலு, கண்ணாடிப் போத்தல் ஆறு. இதற்கெல்லாம் எந்தக் கடையிலும் பெர்சுமா இல்லை. நுரையை வழித்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தபோது கோலாலம்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான்.

"என்னப்பா செய்றீங்க?"

மனைவி நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகப்பையை மறு கைக்கு மாற்றினேன்.

"சும்மாதான்டா இருக்கேன்."