சுழல் விளக்கு போன பிறகு

கேள்வி: பதவி போன அமைச்சர்கள் உள்ளூர் விவகாரங்களில் தலையிடலாமா?

பதில்: தாராளமாக! ஏறும்போது பெரியவர்கள் பலர் நகராட்சிப் படியில் கால் வைத்துத்தான் ஏறினார்கள். 1917-ல் ராஜாஜி சேலத்தில் நகராட்சித் தலைவர். 1924-ல் படேல் அகமதாபாத்தில். இறங்கும்போதுதான் அந்தப் படி யார் கண்ணிலும் படுவதில்லை. ஆளுநர் மாளிகை காலியா என்று விசாரிக்கிறார்கள். ஓமந்தூரார் விதிவிலக்கு. 1949-ல் சென்னை மாகாணப் பிரதமர் பதவியை விட்டவர், வடலூரில் போய்த் தங்கி, சுத்த சன்மார்க்க நிலையம் தொடங்கிப் பள்ளிக்கூட வேலையில் இறங்கிவிட்டார்.

மாஜி வந்து உட்கார்ந்தால் கிராம சபை தர்பாராகிவிடாதா, ஊராட்சித் தலைவர் வாய் திறப்பாரா என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் உறுப்பினர்கள். மாஜிக்கென்று தனி நாற்காலி சட்டத்தில் கிடையாது. அவரிடம் மிச்சமிருப்பது, குடிநீர்க் குழாய்க்கான ஃபைல் எந்த மேஜையில், என்ன குறிப்போடு தூங்கும் என்கிற ஞானம். 'பரிசீலனையில் உள்ளது' என்று அதிகாரி சொன்னால் நாம் தலையாட்டுவோம். அதையே சட்டசபையில் சொல்லிச் சொல்லிப் பழகியவர் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்கே பாதி வேலை நடக்கும். அவர் ஆட்சியில் போட்ட ரோட்டைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் மட்டும், ஐயாவுக்கு அவசரமாக ஒரு கல்யாண வீடு ஞாபகம் வரும்.