மணிக்கு இரண்டாயிரம் ரூபாய் சம்பளம்

மடிப்பாக்கத்தில் ஒருவர் இருக்கிறார். வங்கியின் கடன் பிரிவில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர். எந்தத் தொகையைக் கண்டாலும் அதை எதனாலாவது வகுத்துப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டல்லாஸில் மகளுக்குப் பிரசவம். டிக்கெட்டைத் தானே போட்டு அனுப்பிவிடுவதாக மகள் சொன்னாள். "உனக்கு விலை பார்க்கத் தெரியாதும்மா" என்று அந்தப் பொறுப்பை இவர் பிடுங்கிக்கொண்டார்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு எங்கும் நிற்காமல் போகும் விமானம் கிடையாது. எங்கேயாவது இறங்கித்தான் ஏற வேண்டும். எத்தனை இடத்தில் இறங்குவது, எவ்வளவு நேரம் காத்துக் கிடப்பது என்பதில்தான் காசு இருக்கிறது. அவர் முன்னால் இரண்டு டிக்கெட்டுகள் நின்றன. ஒன்று, வளைகுடாவில் ஒரே ஒரு இடத்தில் மாறி 24 மணி நேரத்தில் போய்ச் சேர்வது. மற்றது, இரண்டு இடத்தில் மாறி 35 மணி நேரத்தில் சேர்வது. ஆளுக்கு 22,000 ரூபாய் குறைவு.

22,000-ஐ 11-ஆல் வகுத்தார். மணிக்கு 2,000 ரூபாய். எட்டு மணி நேர வேலை, மாதம் 25 நாள் என்று விரித்துப் பார்த்தால் நான்கு லட்சம். மேலாளராக இருந்தபோதும் அவருக்கு யாரும் அந்தச் சம்பளம் தந்ததில்லை. இப்போது முன்பின் தெரியாத ஏதோ ஒரு விமான நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மனைவியும் உடன் வருவதால் குடும்ப வருமானம் மணிக்கு நாலாயிரம்.

"அந்தப் பதினோரு மணி நேரமும் எங்கங்க உட்காருறது?" என்று கேட்டார் மனைவி.

"ஏர்போர்ட்லதான். ஏசி இருக்கு, சேர் இருக்கு."

"படுக்க முடியுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. விமான நிலைய நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைத்திருப்பதே யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தானோ என்ற சந்தேகம் அவருக்கும் உண்டு.

கணக்கில் பிழை இல்லை. பாதியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். சம்பளத்தில் பிடித்தம் என்று ஒன்று இருப்பதை வங்கிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினோரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு காபி, ஒரு வேளைச் சாப்பாடு, எல்லாம் திர்ஹத்திலோ ரியாலிலோ. போய் இறங்கியபின் மகள் வீட்டு சோபாவில் சுருண்டு கிடக்கப்போகும் கூடுதல் ஒரு நாள். பேரனைக் குளிப்பாட்டக் கூப்பிட்டனுப்பிய பாட்டிக்கே முதலில் ஆள் வைத்துக் காலைப் பிடித்துவிட வேண்டிய நிலைமை.

இதைவிட மலிவாக இன்னொரு வழியையும் அவர் தோண்டி எடுத்தார். ஒரு நிறுவனத்தில் பாதி வழி, வேறொரு நிறுவனத்தில் மீதி வழி, இரண்டும் தனித்தனி டிக்கெட். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதல் விமானம் தாமதித்தால் இரண்டாம் நிறுவனத்துக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் கிடையாது, ஏறாதவர் ஏறாதவர்தான். பெட்டிகளை நடுவழியில் தானே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசாவும் வேண்டியிருக்கலாம். ஒரே முன்பதிவாக இருந்தால் எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பாடு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானமாக இருந்து, தவறும் நிறுவனத்துடையதாக இருந்து, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதித்துப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ இழப்பீடு என்றுகூட அங்கே சட்டம் இருக்கிறது. இதைப் படித்த அன்று மடிப்பாக்கத்துக்காரர் ஐரோப்பா வழியாகப் போய், விமானம் தாமதமாக வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாமா என்று யோசித்தார்.

இவ்வளவும் நேரத்தைப் பற்றிய பேச்சு. நிஜமான வியாபாரம் நேரத்தில் நடப்பதில்லை, அங்குலத்தில் நடக்கிறது. விலை திரையில் கொட்டை எழுத்தில் இருக்கும். அங்குலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போயிங் 777 விமானம் 1995-இல் பறக்க வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் வைத்தன. இப்போது பெரும்பாலும் பத்து. விமானம் அகலமாகவில்லை. உள்ளே இருக்கும் அகலம் அன்றைக்கும் இன்றைக்கும் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்" என்று நாலாவது ஆள் இடுப்பை நுழைப்பாரே, அதையே இன்ஜினியர்களை வைத்து, வரைபடம் போட்டுச் செய்தார்கள். பதினெட்டு அங்குலத்தையொட்டி இருந்த இருக்கை பதினேழானது. அடுத்து வந்த 787-க்கு முதலில் பேசப்பட்டது வரிசைக்கு எட்டு. இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒன்பது வைத்திருக்கிறார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேசப் பயணங்களில் எட்டிலேயே நிற்கிறது. சொன்ன சொல் மாறாத பிடிவாதக்காரர்கள்.

இந்த இடத்தில் ஏர்பஸ் உள்ளே புகுந்தது. 2013-இல் நீண்ட தூர எகானமி இருக்கைக்குக் குறைந்தது 18 அங்குலம் வேண்டும் என்று உலகத்துக்கு உபதேசம் செய்தது. லண்டனில் ஒரு தூக்க ஆய்வு மையத்தை வைத்து ஆராய்ந்து, ஒரு அங்குலம் கூடினால் தூக்கத்தின் தரம் 53 சதவீதம் உயர்கிறது என்றது. கேட்கப் பரவசமாக இருந்தது. அதே ஏர்பஸ் செய்த ஏ330-இல் வழக்கமான எட்டுக்குப் பதில் ஒன்பது இருக்கை வைத்து ஏர்ஏசியா எக்ஸ் பறந்துகொண்டிருந்தது. பின்னாளில் ஏ350-இல் ஒன்பதுக்குப் பதில் பத்து வைத்து பாரீஸின் பிரெஞ்ச் பீ பறந்தது. விற்பவர் உபதேசிக்கும் அங்குலம் வேறு, வாங்குபவர் வைக்கும் அங்குலம் வேறு.

முழங்காலுக்கான கணக்கு தனி. ஒரு இருக்கையின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தைத்தான் 31 அங்குலம், 32 அங்குலம் என்று சொல்கிறார்கள். அது முழுக்கக் காலுக்குக் கிடைக்கிற இடம் இல்லை; முன் இருக்கையின் முதுகுக் கனமும் அதில் சேர்த்தி. ஆகவே 31 அங்குலம் என்று இரண்டு நிறுவனங்கள் சொன்னாலும் முழங்கால் வேறு வேறு தீர்ப்புச் சொல்லும்.

இந்த அங்குலத்துக்காக நடந்த சண்டைகளில் 2014 ஆகஸ்டில் நடந்ததற்கு நிகரில்லை. நியூவார்க்கிலிருந்து டென்வர் போகும் விமானம். ஒருவர் முன் இருக்கை சாயாதபடி பூட்டும் சின்ன பிளாஸ்டிக் கருவியை மாட்டிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். 'நீ டிஃபெண்டர்' என்று பெயர், விலை ஏறக்குறைய இருபத்திரண்டு டாலர். முன்னால் இருந்த பெண்மணி சாய்ந்து பார்த்தார், முடியவில்லை. பணிப்பெண் வந்து கழற்றச் சொன்னார், இவர் மறுத்தார். பெண்மணி கையிலிருந்த தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினார். விமானம் சிகாகோவில் இறங்கி இருவரையும் இறக்கிவிட்டுப் போனது. இருவருமே நான்கு அங்குலம் கூடுதல் இடம் உள்ள பகுதியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சாதாரண வரிசையில் இருந்தவர்கள் அப்போது முழங்காலை மடக்கிக்கொண்டு இந்த நாடகத்தை இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. சுருங்கிக்கொண்டே போகும் இருக்கைகளை மறுபடி பரிசீலிக்கும்படி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குச் சொன்னது. அடுத்த வருடமே குறைந்தபட்ச அளவை ஒரு வருடத்துக்குள் வகுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நிர்வாகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது 2022-இல். 26,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பழகிய மடிப்பாக்கத்துக்காரருக்கு இந்த வேகம் ஆச்சரியம் தரவில்லை.

ஆனால் நிறுவனங்களை மட்டும் திட்டுவது நியாயமாகாது. 2000-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானங்களிலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு எகானமி முழுவதும் கால் நீட்ட இடம் விட்டது. பயணிகள் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டுப் பத்து டாலர் குறைவாக இருந்த இன்னொரு விமானத்தில் ஏறிக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே இருக்கைகள் திரும்ப உள்ளே வந்தன. அதற்கும் முன்னால், 1977 செப்டம்பரில், பிரெட்டி லேக்கர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டுக்கு 'ஸ்கைட்ரெயின்' விட்டார். முன்பதிவு கிடையாது, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. ஜனங்கள் வரிசையில் போர்வையோடு படுத்துக் கிடந்து டிக்கெட் வாங்கினார்கள். 1982-இல் கம்பெனி மூழ்கியபோது அதே ஜனங்கள் அவருக்காக நன்கொடை திரட்டினார்கள். சவுகரியம் கொடுத்தவருக்காக யாரும் அப்படி உண்டியல் குலுக்கியதாகத் தெரியவில்லை.

உடம்பு வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவு. பயப்பட வேண்டாம், எழுந்து நடந்தால் போதும். எழுந்து நடக்க ஓரத்து சீட் வேண்டும். ஓரத்து சீட்டுக்குத் தனிக் கட்டணம். மடிப்பாக்கத்துக்காரர் இதில் உறுதியாக இருந்தார்: "டிக்கெட் வாங்கினவனை நிக்க வெச்சா கூட்டிட்டுப் போவான்? எங்கேயாவது உட்கார வெச்சுத்தானே ஆகணும்?"

உட்கார வைப்பார்கள்தான். கணவனை ஒரு வரிசையிலும் மனைவியை வேறு வரிசையிலும். அவருடைய மைத்துனி அப்படித்தான் பிரிந்து உட்கார்ந்து சிகாகோ போனார். ஊர் திரும்பியபின் அக்காவிடம் ரகசியக் குரலில் சொன்னது: "கல்யாணமான நாள்லேர்ந்து அவ்வளவு நிம்மதியாத் தூங்கினதில்லைக்கா."

காசில்லாமல் கிடைக்கும் ஒரே சவுகரியமாக நம்மவர்கள் கண்டுபிடித்திருப்பது வீல்சேர். அமெரிக்க விமானம் புறப்படும் வாயில்களில் வீல்சேர் வரிசையைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டதோ என்று தோன்றும். நிஜமாகவே முடியாதவர்கள் அதில் நிறைய. அந்நிய விமான நிலையத்தில் ஆங்கில அறிவிப்புக்கு மிரண்டு, வழி தவறிவிடுவோமோ என்ற பயத்தில் பிள்ளைகள் சொல்லி உட்கார்ந்த அம்மாக்களும் நிறைய. அவர்களைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை. இறங்கியதும் பெட்டிப் பட்டையைப் பார்த்து எழுந்து ஓடும் சில மாமாக்களைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

உலகத்திலேயே மிக நீளமான பயணம் எப்படி இருக்கிறது என்றும் அவர் பார்த்தார். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் இதற்கென்று கொண்டுவந்த ஏ350-இல் மொத்தம் 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. இங்கே இந்தியாவில் எகானமி டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 18 சதவீதம். கால் நீட்டினால் அரசாங்கமும் கை நீட்டும் என்று அவர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்.

கடைசியில் வகுத்தல்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தது. ஒரே இடத்தில் மாறும் டிக்கெட்டுகளில் ஒன்று பத்திருக்கை 777. இன்னொன்று ஒன்பதிருக்கை ஏ350. ஆளுக்குப் போகவர 9,000 ரூபாய் அதிகம். வானத்தில் இருக்கப்போவது போகவர நாற்பது மணி நேரம். 9,000-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு 225 ரூபாய். ஒரு அங்குலத்துக்கு மணி வாடகை 225. விமான நிலையக் காபி அதைவிட அதிகம்! காபியை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்று சொல்லி ஏ350-ஐயே போட்டார். சீட்டுக்கும் பணம் கட்டி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் பிடித்தார். டிக்கெட்டை மகளுக்கு அனுப்பி, கீழே கணக்கையும் எழுதினார். மகள் ஒரு கும்பிடு படம் அனுப்பினாள்.

புறப்பட எட்டு நாள் இருக்கையில் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. செயல்பாட்டுக் காரணங்களுக்காக விமான வகை மாற்றப்பட்டிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். ஏ350 போய் 777 வந்திருந்தது. எந்த வகை விமானம் வரும் என்பதற்கு டிக்கெட்டில் உத்தரவாதம் எதுவும் கிடையாது. அந்தச் சிறு எழுத்துப் பகுதியைக் கடன் பத்திரம் படிப்பதுபோல் படிக்கிற அவரே இந்த முறை படிக்காமல் விட்டிருந்தார். பிடித்து வைத்த சீட்டுகளும் கலைந்துபோயிருந்தன. அவருக்கு 34பி, மனைவிக்கு 41எஃப். இரண்டும் நடு சீட்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புகார் எழுத உட்கார்ந்தார். நுகர்வோர் நீதிமன்றம் என்ற சொல் முதல் வரியிலேயே வந்துவிட்டது. மனைவி பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"நீங்க முப்பத்தி நாலு, நான் நாப்பத்தி ஒண்ணா?"

"ஆமாம். ஏழு வரிசை தள்ளிப் போட்டிருக்கான். விடப்போறதில்லை நான்."

"போகட்டும் விடுங்க," என்றார் மனைவி. "பாவம், அவங்களுக்கும் ஏதோ கஷ்டம் இருக்கும்."