பனியன் வேஸ்ட் கிடைக்காத ஊர்

கொடைக்கானல்காரர் ஒருவர் பர்மிங்காமிலிருந்து ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம். அம்மாவுக்கு அல்ல, பெருமாள்மலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கு. அம்மாவுக்கு வாரம் இரண்டு வீடியோ கால் போதும். வீட்டு வாசலில் உட்கார்ந்து பைக்குக்கு ஃபோர்க் ஆயில் மாற்றிய கதையை வேறு யார் கடைசி வரை கேட்பார்கள்?

முதல் பக்கம் முழுக்கக் குளிர்தான். "அண்ணே, இங்க பாக்குறவங்க எல்லாம் குளிர் தாங்குதான்னு துக்கம் விசாரிக்கிற மாதிரி கேக்குறாங்க. நம்ம ஊரு ஏழாயிரம் அடி உசரம், ஏரி ஓரத்துல புல்லு மேல வெள்ளையா பனி உறையும்னு சொன்னா, இந்தியாவுலயான்னு சிரிக்கிறாங்க." பர்மிங்காமின் உயரம் ஐந்நூறு அடிகூடத் தேறாது. மலையிலிருந்து இறங்கி வந்தவரைப் பார்த்துச் சமவெளிக்காரர்கள் பரிதாபப்படுகிறார்கள்.

பைக் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன். 411 சிசி, 2016இல் வந்த ரகம், நெடும்பயணத்துக்கென்றே செய்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் வீட்டிலிருந்து தெற்கே சுமார் 25 கி.மீ. போனால் ரெட்டிச். ராயல் என்ஃபீல்ட் புல்லட்டின் பிறந்த வீடு அதுதான். 1955இல் அந்த ஆங்கிலக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கை கோத்து, சென்னையில் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. பிறகு திருவொற்றியூரில் ஆலை ஓடியது. ரெட்டிச் ஆலையோ 1967இல் பூட்டப்பட்டது. இப்போது தமிழ்நாட்டில் செய்த வண்டி கப்பலேறி, பழைய பிறந்த வீட்டுப் பக்கத்துத் தெருவில் நிற்கிறது. "வண்டியும் நானும் ஒரே ஊருக்காரங்க. ரெண்டு பேருக்கும் இங்க மழைதான் பிரச்சினை" என்கிறார்.

பிரேக் பிடித்தால் முன்பக்கம் கும்பிடு போட ஆரம்பித்தது. ஃபோர்க் குழாய்க்குள் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், அதை அடக்கி வைப்பது ஆயில். பள்ளத்தில் விழும்போது ஆயில் சின்னத் துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போகிறது. துள்ளலின் வேகம் சூடாக மாறி அடங்குகிறது. நாளாக ஆக அந்த ஆயிலில் இரும்புத்தூளும் ஈரமும் சேர்ந்து, அது சாரமில்லாமல் போகும். வத்தலக்குண்டுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் இது தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். பர்மிங்காமில் சிக்னலுக்குச் சிக்னல் தெரிந்தது, அவ்வளவுதான்.

பட்டறையில் கூலி கேட்டார். அதை ரூபாயாக்கிப் பார்த்தார். வெளிநாடு போனவர்கள் ஒருநாளும் செய்யக்கூடாத கணக்கு அது. அன்று மாலையே 10டபிள்யூ ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வந்துவிட்டார்.

ஞாயிறு காலை இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். பிரேக் காலிப்பர் ஹோஸில் தொங்கக் கூடாதென்று அதைக் கயிற்றில் கட்டினார். இதுவரை சரி. பிறகு ஃபோர்க் காலை முழுசாக உருவிக்கொண்டு வந்து மேல் மூடியைத் திருகினார். மூடியோடு குழாயும் சுற்றியது. மடியில் இடுக்கிப் பிடித்தார், சுற்றியது. மனைவியைப் பிடிக்கச் சொன்னார், மூவரும் சுற்றினார்கள். மூடியை வண்டியிலேயே தளர்த்திவிட்டுத்தான் குழாயை உருவ வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்து உறைத்தது. திரும்ப மாட்டித் தளர்த்தினார்.

அடுத்த துக்கம் துணி. நம் ஊர்ப் பட்டறைகளில் மூட்டையாகக் கிடக்கும் பனியன் வேஸ்ட் அங்கே எங்கே? உள்ளே அழுந்திக் கிடக்கும் ஸ்பிரிங் மூடியை எகிறடிக்கும் என்பதால் மேலே துணி போட்டுத் திறக்க வேண்டும். போட்டிருந்த பனியனையே கழற்றினார். திருப்பூரில் தைத்ததுதான், சேர வேண்டிய வேலைக்குத்தான் சேர்ந்தது.

புது ஆயிலை ஊற்றி ஸ்கேலை விட்டு அளந்தார். இரண்டு காலிலும் இரண்டு அளவு. பெருமாள்மலைக்கு வீடியோ கால் போனது. அங்கே மதியம் மூன்று மணி, அண்ணன் கோழிக்குழம்புச் சாப்பாட்டில் இருந்தார்.

"தம்பி, ஸ்பிரிங்க உள்ள வச்சா அளந்த?"

"ஆமாண்ணே."

"அத வெளிய எடு. பைப்ப அடி வரைக்கும் அமுக்கு. பத்து தடவ மேல கீழ இழுத்து, குமிழி அடங்கின பிறகு அள. ஆயிலுக்கு மேல நிக்கிற காத்தும் ஒரு ஸ்பிரிங்குதான். ரெண்டு கால்லயும் ஒரே அளவு நிக்கணும்."

ஒன்றரை நிமிஷம். அண்ணன் எலும்பைக் கீழே வைக்கவேயில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி தெருவில் இறங்கியது, கும்பிடு நின்றது. நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு விண்ணப்பம்: யாராவது வந்தால் ஒரு கிலோ மலைப்பூண்டும் இரண்டு கிலோ பனியன் வேஸ்டும் கொடுத்தனுப்பவும். சுங்கத்தில் என்ன சொல்வது என்று அவரே யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

கடிதம் கிடைத்த அன்றே அண்ணன் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார். "எல்லாம் எழுதினியே தம்பி, பழைய ஆயில் என்ன கலருன்னு எழுதலயே? பால் மாதிரி இருந்துச்சுன்னா தண்ணி போயிருக்கு. வெள்ளி மாதிரி மினுமினுன்னு இருந்துச்சுன்னா உள்ள புஷ் தேயுது."

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டக் கூடாதென்று, நல்ல பிள்ளையாக அதைக் கேனில் அடைத்து, நகராட்சியின் கழிவெண்ணெய்த் தொட்டியில் அவர் கவிழ்த்து இரண்டு வாரமாகிறது. கலரை யாரும் பார்க்கவில்லை.