வாடகை வீட்டியல்: ஜெலாப்பாங் வட்டாரம்

காலியாக இருக்கும் ஒரு வீடு தனக்குரிய ஆளை எப்படிப் பொறுக்கி எடுக்கிறது என்பதை ஆராயும் துறை வாடகை வீட்டியல். ஆள்தான் வீட்டைத் தேடுகிறார் என்பது இத்துறையின் பழைய கொள்கை. ஈப்போவின் வடக்கு ஓரத்தில், மெனோரா சுரங்கத்தைத் தாண்டி நெடுஞ்சாலை சரிந்து இறங்கும் பக்கத்தில் உள்ள ஜெலாப்பாங்கில் அந்தக் கொள்கை எடுபடுவதில்லை.

இவ்வட்டாரத் தமிழர்களின் முந்தைய தலைமுறைக்கு இத்துறையே தேவைப்படவில்லை. ரப்பர் தோட்டத்தில் பேர் பதிந்தால் லயத்தில் வீடு. பேர் வெட்டுப்பட்டால் வீடும் போயிற்று. அட்வான்ஸ் கிடையாது, ஏஜென்ட் கிடையாது, தோட்ட எழுத்தரான கிராணியின் முகம் கோணாமல் நடந்துகொண்டால் போதும். தொழிலாளர் வீட்டுக்கு இன்னின்ன வசதி வேண்டும் என்று சட்டமும் இருந்தது. 1990-இல் அதைப் புதிதாகவும் எழுதினார்கள். அதற்குள் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புகளாகிவிட்டன. லயத்தை விட்டு ஈப்போவின் புறநகர்களுக்கு வந்தவர்கள், வீடு பிடிக்கும் கலையைப் பெற்றோரிடம் கற்க வாய்ப்பில்லாத முதல் தலைமுறையினர். தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் அதைத் தாராளமாகவே கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் வீட்டுக்குப் போட்டி எப்படி வந்தது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. ரயில் கட்சி 2010-ஐக் காட்டும்: அந்த ஆண்டு கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே இடிஎஸ் மின்ரயில் ஓடத் தொடங்கியது, தலைநகரத்தார் சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள். பட்டியல் கட்சி 2016-ஐச் சொல்லும்: ஆசியாவில் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் பயணக் கையேட்டு நிறுவனமான லோன்லி பிளானட் ஈப்போவைச் சேர்த்த ஆண்டு அது. பூங்காக் கட்சியின் வாதம் ஜெலாப்பாங்குக்கு மிக அருகில் நிற்கிறது. பக்கத்து மேரு ராயாவில் 2017 ஜூனில் மேப்ஸ் என்ற கார்ட்டூன் கேளிக்கைப் பூங்கா திறந்தது. சுற்றுவட்டாரத் தாமான்களில் ஹோம்ஸ்டே பலகைகள் ஏறின. 2020 ஜனவரியில் பூங்காவை மூடினார்கள். பலகைகள் இறங்கவில்லை. காரணம் செத்த பிறகும் காரியம் நடக்கும் என்பதற்கு இது போதிய சான்று.

பலகையின் பின்னால் இருப்பது வெறும் பெருக்கல்தான். மாதம் 900 வெள்ளிக்கு விடக்கூடிய ஒற்றை மாடி வீட்டை ஓர் இரவுக்கு 250 என்று விட்டால், நான்கு சனிக்கிழமையில் 1,000 வந்துவிடும். மீதி நாளெல்லாம் வீடு சும்மா கிடக்கலாம். சுவரில் ஆணி அடிக்க யாரும் இல்லை. பள்ளி விடுமுறையும் சீனப் பெருநாளும் உபரி. தைப்பூசத்துக்குப் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குக் காவடி போகும் நாளில், உறவுக்காரரை எங்கே படுக்க வைப்பது என்று தெரியாத குடும்பங்களும் இந்தக் கணக்குக்கு உதவுகின்றன.

இத்தனைக்கும் தப்பிய வீட்டைக் கண்டறியும் முறை அடுத்தது. கேட்டில் கம்பி போட்டுக் கட்டிய அட்டையில் 'ரூமா செவா' (வாடகை வீடு) என்றும் ஒரு கைப்பேசி எண்ணும் இருக்கும். கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியாதபடி மழை கரைத்திருக்கும். தபால் பெட்டியில் பிதுங்கும் மின்கட்டண பில்களை எண்ணினால் வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக்கிடக்கிறது என்று கணிக்கலாம். பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறையைப் பார்க்க உகந்த நேரம் மாலை நான்கு மணி. ஈப்போவின் மழை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் பெய்யும், சிங்க் கூரை எங்கே ஒழுகுகிறது என்பதை அதுவே சொல்லிவிடும். காலை பத்து மணிக்குத்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வீட்டுக்காரர் வானிலை அறிந்தவர்.

இத்துறையின் மையக் கண்டுபிடிப்பு 'பெயர் விளைவு' எனப்படும். வீடு காலியாக இருப்பது வீட்டின் குணம் அல்ல, அது கேட்பவரின் பெயரைச் சார்ந்தது. வாட்சப்பில் "வீடு இன்னும் இருக்கா?" என்று கேட்டால் இருக்கும். "ஓராங் அப்பா?" என்று பதில் வரும்; என்ன இனம் என்று கேட்கிறார்கள். முனியாண்டி என்றோ செல்வராணி என்றோ பெயர் போனதும் வீடு அந்த நொடியே வேறு யாருக்கோ போய்விடும். அட்டை மட்டும் இன்னும் மூன்று மாதம் கேட்டில் தொங்கும். சில விளம்பரங்கள் இந்தச் சிரமத்தையும் வைக்காமல், யாருக்கு வீடு கிடையாது என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுகின்றன. ஆய்வாளருக்கு நேரம் மிச்சம். கறி வாசனை சுவரில் ஏறிவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதே வீட்டுக்காரர் மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இரண்டாவது முறை குழம்பு கேட்பதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. வீட்டை விடுபவர் தமிழராகவே இருந்தால் கேள்விகள் நுணுக்கமாகும்: "எந்த ஊரும்மா? பிள்ளைங்க எத்தனை? வீட்டுக்காரரு குடிப்பாரா?"

பெயரைத் தாண்டியவர் பணத்தில் நிற்பார். இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத அட்வான்ஸ், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் என்பதே வழக்கம். 900 வெள்ளி வீட்டுக்கு உள்ளே நுழையும் முன் 3,150 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமோ 2025 பிப்ரவரி முதல் 1,700. அக்ரிமெண்டுக்கு முத்திரை வரி தனி: ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி வீதம். முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025-இல் நீங்கியதால், இந்த வீட்டுக்கு 44 வெள்ளி. இதைக் கட்டாத அக்ரிமெண்டை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பது பலருக்குச் சண்டை வந்த பிறகே தெரியவரும்.

வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு இல்லை. 1948-க்கு முந்தைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1997-இல் நீக்கப்பட்டு, 1999 முடிவோடு காலாவதியானது. பழைய நகரத்துக் கடைவீட்டு மாடிகளில் இன்று தங்கும் விடுதிகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருவதில்லை. இரவோடிரவாகப் பூட்டை மாற்றுபவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

இறுதிப் பகுதி வீட்டைக் காலி செய்வது. அன்று வீட்டுக்காரரின் பார்வை கூர்மையடையும். குடிவந்த நாளிலேயே இருந்த விரிசலும் அன்றுதான் முதன்முதலாகக் கண்ணில் படும். ஆகவே, சாவி கைக்கு வந்த அன்றே சுவர், குழாய், கழிப்பறைக் கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்சப்பில் அனுப்பிவைப்பது இத்துறை வகுத்த ஒரே தற்காப்பு. அதையும் மீறி டெபாசிட் திரும்பாவிட்டால் வக்கீல் வைக்காமல் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். பெரும்பாலானவர்கள் அதற்குப் போவதில்லை. பெயிண்ட் செலவு கழித்தது போக வந்ததை வாங்கி, அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.