மகாவிஷ்ணு சக்தியான கதை

ஒரு வெள்ளைக்காரர் வைணவத்திலிருந்து சாக்தத்துக்குக் கட்சி மாறியதால், ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து நாமக்கல்லில் இரண்டு பேர் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று. அந்தப் பாவத்தின் பூர்வ கதை இது.

ஜான் மெக்லாஃப்லின் 1942-ல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்தவர். கிதார்க்காரர். அமெரிக்கா போய் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸிடம் சேர்ந்தார். யாரையும் லேசில் மெச்சாத அந்த மனிதர் 'பிட்சஸ் ப்ரூ' தட்டில் ஒரு உருப்படிக்கு 'ஜான் மெக்லாஃப்லின்' என்றே பெயர் வைத்துவிட்டார். இந்த அளவுக்குப் புகழ் வந்தால் அடுத்து சாமியார் வந்தாக வேண்டும். நியூயார்க்கில் ஸ்ரீ சின்மாய் என்ற வங்காளி குரு வந்தார், 'மகாவிஷ்ணு' என்று நாமம் சாத்தினார். 1971-ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா பிறந்தது. வெள்ளை உடை, இரட்டைக் கழுத்து கிதார், காது கிழியும் சத்தம். 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தட்டு பில்போர்டு பட்டியலில் 15-ம் இடம்வரை ஏறியது. சாந்தியைத் தேடிப் போனவர் எழுப்பிய சத்தத்துக்கு அப்படி ஒரு கிராக்கி.

நம்மூர் ஆளாக இருந்தால் அந்தப் பெயரிலேயே நாலு கிளை திறந்திருப்பார். இவரோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டார். குறுக்கே ரீங்காரத் தந்திகள் ஓடும் கிதார் ஒன்றை கிப்சன் கம்பெனி செய்து கொடுத்தது. வயலினுக்கு எல். ஷங்கர், தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். குழுவின் பெயர் சக்தி.

1975 ஜூலை 5. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரி. இங்கே எமர்ஜென்சி வந்து பத்து நாள், பேசவே ஆளில்லை. அங்கே மேடையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தக் கச்சேரிதான் முதல் தட்டு. அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறக்குறைய அரைமணி நேரம். அதன் தலைப்பை எங்கள் ஊர் லாரியின் பின்னால் எழுதினால் ஒரு ட்ரெய்லரும் சேர்த்து வாங்க வேண்டும். எனக்கு அது வேண்டுமா, இது வேண்டுமா, ஆண்டவன் காலடியில் ஆடுகிறேன் என்கிற தோரணையில் போகும்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் விக்குதான். 13 வயதில் தூத்துக்குடியில் அரங்கேற்றம். மேடையேறும் முன் கணேஷ் என்றொரு குழந்தை கடத்தை உடைத்துவிட்டதாம். நல்ல சகுனம் என்றாராம் அப்பா ஹரிஹர சர்மா. பிற்பாடு குடும்பம் நடத்திய பள்ளியின் பெயர் ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயா. மகன் பெயர் செல்வகணேஷ். பானையை உடைத்த ஆளை இவ்வளவு மறக்காமல் கொண்டாடிய குடும்பம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

மூன்று தட்டுகள் வந்தன. விமர்சகர்கள் உருகினார்கள், விற்பனை மகாவிஷ்ணு காலத்தின் பக்கம்கூடப் போகவில்லை. 1978-ல் கடை கட்டியாயிற்று. ஷங்கர் ஃப்ராங்க் ஸாப்பாவோடு தட்டு போட்டார், பீட்டர் கேப்ரியலோடு வாசித்தார். மற்றவர்களுக்கும் பிழைப்புக்குக் குறைவில்லை.

1997 ஜனவரி 1-ல் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதே வருஷம் பிரிந்து கிடந்த சக்தி 'ரிமெம்பர் சக்தி' என்று சேர்ந்தது. உலகத்தில் கணக்கு எப்படியோ நேராகிவிடுகிறது. ஷங்கர் மட்டும் வரவில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. பிறகு மாண்டலின் ஸ்ரீனிவாஸ், அப்பா இடத்தில் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன். 2014-ல் ஸ்ரீனிவாஸ் 45 வயதில் போய்விட்டார். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

ஐம்பதாம் ஆண்டு என்று 2023 ஜனவரியில் பெங்களூருக்கு வந்தார்கள். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி நானும் மச்சானும் போனோம். மச்சான் முட்டை வியாபாரி. சங்கர் மகாதேவனை 'என்ன சொல்லப் போகிறாய்' பாட்டுக்காகவும், செல்வகணேஷை 'வெண்ணிலா கபடிக்குழு' இசைக்காகவும் மதிப்பவர். ஜாஸ் என்றால் கிலோ என்ன விலை என்பார்.

81 வயது மெக்லாஃப்லின் மின்கிதாரை மீட்ட, கணேஷ் ராஜகோபாலன் வயலினில் பதில் சொன்னார். பார்த்தீர்களா, இன்னொரு கணேஷ். பக்கத்து வரிசை ஐ.டி. பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி எங்கோ தப்பான இடத்தில் கைதட்டினார்கள். மச்சான் கண்ணை மூடி விரல் விட்டுக்கொண்டிருந்தார். ஜாகிரும் செல்வகணேஷும் ஒரு கோர்வையைச் சுற்றிச் சுற்றி வந்து சமத்தில் இறக்கியதும், "அஞ்சஞ்சா ஆறு வரிசைங் மாப்ள, கரெக்டா ஒரு அட்டை" என்றார். முப்பது முட்டை. ராமானுஜனுக்குக் கனவில் கணக்குச் சொல்லிக் கொடுத்த நாமகிரித் தாயார் ஊர்க்காரரிடம் தாளத்தை மறைக்க முடியாது.

மறுபடி சேர்ந்த குழு என்று விளம்பரம் செய்ததில் பாதிதான் உண்மை. 1975 மேடையில் இருந்தவர்களில் அன்று இரண்டு பேர்தான் மிச்சம். அந்த முதல் தட்டில் ஒவ்வொருவரும் அடுத்தவரை ஜெயிக்கப் பார்த்தார்கள்; ஷங்கரின் வில் கிதாரைத் துரத்துவதைக் கேட்டால் யாருக்கோ அடி விழப்போகிறது என்று தோன்றும். பெங்களூரில் ஒருவரை ஒருவர் ரசித்தார்கள், சிரித்தார்கள், வழிவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் ஓட்டு அந்த அடிதடிக்கே. சங்கர் மகாதேவன் வாயைத் திறந்ததும் மச்சான் எழுந்து நின்றுவிட்டார், ஆகவே எங்கள் வீட்டில் ஓட்டு சமம்.

அந்த வருஷம் ஜூனில் 'திஸ் மொமென்ட்' வந்தது. ஸ்ரீனிவாஸ் நினைவாக அதில் ஓர் உருப்படி உண்டு. 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அதே வருஷம் டிசம்பர் 15-ல் ஜாகிர் உசேன் காலமானார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் கிராமி வாங்கிய தட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லாங் ஐலண்ட் தட்டை எடுங்கள், நேரே இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். அரைமணி நேரம் போனை அணைத்து வையுங்கள்.