சாயர் கச்சேரிக்கு நல்ல நேரத்தில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாட்சிமை தங்கிய கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சாயர் கச்சேரி, லெடன்ஹால் தெரு, லண்டன்.

சிவகாசித் தினசரி நாட்காட்டிக் கட்டுகளை ஏற்றிச் சென்ற லாரியை வணிகவரிப் பறக்கும் படை நடுவழியில் மறித்து, கார்த்திகை மழையில் தார்ப்பாயை அவிழ்த்துச் சோதித்து முடிப்பதற்குள் சரக்கோடு செல்லவேண்டிய மின்னணுச் சீட்டாகிய ஈ-வே பில் காலாவதியாகிவிட, நகரவிடாமல் நிறுத்தப்பட்ட லாரி காலாவதியான சீட்டோடு நகர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட செய்தி தங்கள் திருச்செவிக்கு எட்டியிருக்கும். பொங்கல் கழிந்து கடை சேர்ந்த அந்த நாட்காட்டிகளில் நல்ல நேரமும் எமகண்டமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடந்தன.

வழிச்சுங்கம் உள்ளிட்ட சில்லறை வருவாயைச் சாயர் என்றும், சுங்கம் கட்டியதற்கான சீட்டை ரவானா என்றும் வழங்கிய தங்கள் ஆட்சியின் பெருந்தன்மையை வணிகர்கள் இப்போதுதான் உணர்கிறார்கள். தங்கள் அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன் உள்நாட்டுச் சுங்கம் பற்றி 1834இல் அறிக்கை எழுதிய வங்காளத்தில் ரவானா ஓராண்டு செல்லும். இன்றைய ஈ-வே பில்லோ சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். மாட்டுவண்டிக்குக் கிடைத்த நல்ல நேரம் லாரிக்கு வாய்க்கவில்லை.

இன்றைய விருதுநகராகிய விருதுபட்டியிலும் சிவகாசியிலும் நாடார் வணிகர்கள், சரக்குக்கு இவ்வளவு என்று தமக்குள் வசூலித்த பொதுநிதியாகிய மகமையைக் கொண்டு சரக்கு தங்கும் காவல் வளாகங்களாகிய பேட்டைகளைப் பேணி, வழிப்பறிக்காரரிடமிருந்து வண்டிகளைக் காத்தார்கள். சுங்கச் சாவடிச் சேவகரிடமிருந்து காக்கும் பேட்டையை மட்டும் எவராலும் கட்ட முடிந்ததில்லை. அந்தச் சாவடிச் சுங்கத்தால், வங்காளத்தில் பஞ்சுக்கு 5, நூலுக்கு 7½, துணிக்கு 2½, பிறகு சாயமேற்றினால் மீண்டும் 2½ என உள்நாட்டுத் துணி 17½ சதவீதம் சுமக்க, இங்கிலாந்துத் துணி 2½ சதவீதத்தோடு உள்ளே வந்தது. அது பகற்கொள்ளை, சோறு போட்ட தறியை அடுப்பில் வைத்த பாதகம். எனினும், அதையும் கும்பெனியார் நல்ல நேரம் பார்த்தே செய்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கத்தை ஒழித்த 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்திலேயே உப்பின் விற்பனை விலைக்கும் இடம் ஒதுக்கி, ஒரு கையால் விட்டதை மறு கையால் பிடித்த தங்கள் சாமர்த்தியம் வீண்போகவில்லை. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து சோதனைச் சாவடிகள் மூடப்பட்டதும், அவை சக்கரம் பூட்டிக்கொண்டு பறக்கும் படைகளாகச் சாலைக்கு வந்துவிட்டன.

ரவானாக் கட்டணத்தோடு சேவகர் மாமூலையும் சேர்த்தால்கூட, சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி வரியைப் போல இருமடங்காக விதிக்கப்படும் தண்டத்தைவிடக் குறைவாகவே முடியும் என்று சிவகாசியில் கணக்குப் போட்டிருப்பதால், முன்தேதியிட்ட ரவானா ஒன்றை, இராகு காலமானாலும் பாதகமில்லை, உடனே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.