மோட்ச வாசலுக்குக் காவக்காரன்

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நேத்து அந்தியில நம்ம சப்பரத்துக்குப் பூக்கட்டுத அண்ணாச்சிகிட்ட என்னமோ சொன்னியாமே? "திருச்சபைக்கு வெளிய மீட்பு கெடையாது, நீரு எத்தன வருசம் மாதாவுக்கு மாலை கட்டினாலும் நரகந்தான்"னு. அவரு வாழநாரைக் கால் பெருவிரல்ல மாட்டிக்கிட்டு, கையில செவ்வந்தியோட உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாராம். ஒரு கண்ணிகூடத் தப்பலையாம். கெட்டிக்காரரு.

நீயும் கெட்டிக்காரந்தான். செமினாரிக்குப் போகுததுக்கு முந்தியே தீர்ப்பெழுத ஆரம்பிச்சிட்டியே! பாப்பரசராவே ஆயிருவ. ஆனா ஒண்ணு, இந்த உத்தியோகத்துக்கு உனக்கு முந்தியே ஒருத்தரு மனுப்போட்டிருக்காரு.

அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் லெனார்ட் ஃபீனின்னு ஒரு சேசுசபைச் சாமியாரு. நல்லா எழுதுவாரு, நல்லாப் பேசுவாரு. தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் வாங்காதவன், பாப்பரசருக்குக் கட்டுப்படாதவன் ஒருத்தனும் கரையேற மாட்டான்னு அடிச்சுச் சொன்னாரு. ஞாயித்துக்கெழமையானா ஊரு நடுப் பூங்காவுல நின்னு யூதங்களை வஞ்சு தீப்பாரு. அதுக்குப் பேரு உபதேசமில்லலே, வசவு.

ஆர்ச்பிஷப்பு குஷிங்கு சொல்லிப் பாத்தாரு, நடக்கல. 1949 ஆகஸ்டுல ரோமாபுரியிலிருந்தே கடுதாசி வந்துச்சு. நீரு சொல்லுத வாக்கியம் சரிதான், ஆனா அதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியது நீரில்ல, திருச்சபை. தன் குத்தமில்லாமத் தெரியாமக் கெடக்கவன், விசுவாசத்தோடயும் அன்போடயும் தேவ சித்தப்படி நடக்கணும்னு ஏங்கினா, அந்த ஏக்கத்துக்கும் கணக்கு உண்டுன்னு இருந்துச்சு. மனுசன் எறங்கி வரல. ரோமுக்கு வாரும்னு கூப்பிட்டாங்க, போகல. கீழ்ப்படியலைன்னு 1953 பிப்ரவரியில அவரையே சபைக்கு வெளிய தள்ளிட்டாங்க!

இப்ப நீ கணக்குப் போடு. வெளிய நிக்கவனுக்கு மோட்சமில்லன்னு தொண்டை வத்தக் கத்தினவரு வெளிய நிக்காரு. ஒரு நாளா ரெண்டு நாளா, பத்தொம்பது வருசம். நடுவுல கண்ண மூடியிருந்தா, அவரு போட்ட கணக்குப்படி எங்கலே போயிருப்பாரு? அவருக்கும் ஒரு சந்து விட்டு வச்சிருந்தது, அவரு கிழிக்காத குறையாத் தள்ளிவிட்ட அந்தக் கடுதாசிதான்.

1972ல திரும்பச் சேத்துக்கிட்டாங்க. சொன்னதை வாபஸ் வாங்கும்னு யாரும் மல்லுக்கட்டல. பழைய விசுவாசப் பிரமாணம் ஒண்ணைச் சொல்ல வச்சாங்க, அத்தனாசியாரு பேருல உள்ளது. கத்தோலிக்க விசுவாசமில்லன்னா ரட்சணியமில்லன்னுதான் அதுவே ஆரம்பிக்கும். அவரும் சந்தோசமாச் சொல்லியிருப்பாரு. ரோமாபுரிக்காரங்க வயசுல மூத்தவங்கல்லா!

அந்த வாக்கியத்தைப் பெத்தவரு கதை தெரியுமா? மூணாம் நூத்தாண்டுல கார்த்தேஜ் ஆயரு சிப்ரியன். பதிதர் கொடுக்குத ஞானஸ்நானம் செல்லாது, வெளிய மீட்பில்லன்னு எழுதினாரு. யாரோட மல்லுக்கட்டி? பாப்பரசர் ஸ்தேவானோட! ஞானஸ்நானத்துல கடைசியா நிலைச்சது பாப்பரசர் பேச்சு. வாக்கியம் மட்டும் சிப்ரியனோடது. நீ அதைத் தூக்கிட்டு வந்து பூக்காரர்கிட்ட சொல்லுத.

1442ல ஃப்ளாரன்ஸ் சங்கம் அஞ்ஞானி, யூதன், பதிதன், பிரிஞ்சு போனவன் எல்லாருக்கும் நித்திய நெருப்புன்னு எழுதி வச்சிது. சரியா அம்பது வருசத்துல கொலம்பசு கப்பலு போய் எறங்குது. பாத்தா, சேசு பேரே காதுல விழாத சனம் ஒரு கண்டம் முழுக்க! படிச்ச சாமியாருமாரு தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சே வழுக்கையாயிருப்பாங்க.

நம்ம சவேரியாரு முத்துக்குளித்துறையில ஞானஸ்நானம் கொடுத்துட்டு ஜப்பானுக்குப் போனாருல்லா. அங்க சேந்தவங்க, செத்துப்போன அப்பன் ஆத்தாளுக்கு நரகத்துலேருந்து விடுதலையே கெடையாதான்னு அழுதிருக்காங்க. கெடையாதுன்னுதான் சொன்னாரு. ஆனா அவங்க அழுகுறதப் பாத்துத் தனக்கும் மனசு கலங்குதுன்னு 1552ல கொச்சியிலேருந்து எழுதியிருக்காரு. அப்பேர்ப்பட்ட புனிதருக்கே நெஞ்சு கலங்கியிருக்கு. நீ அண்ணாச்சிகிட்டச் சொல்லும்போது கடலைமிட்டாய் கடிச்சுக்கிட்டே சொன்னியாமே?

1964ல வத்திக்கான் சங்கம், தன் குத்தமில்லாமத் தெரியாதவன் நல்ல மனசோட தேடினா மீட்பு உண்டுன்னு எழுதிட்டுது. பழைய வாக்கியத்தையும் அழிக்கல. அது ஏன்னு செமினாரியில கேளு, நான் மணியடிச்சவன்.

சரி, எந்திரி. இன்னிக்கு அண்ணாச்சி கண்ணுல காணல. இந்தா முன்பணம், கொண்டு போய்க் கொடு. நரகத்துக்குப் போற ஆளுக்கு எதுக்குன்னு பாதியில நின்னுராத, திருவிழாவுக்கு மாதா கழுத்து வெறுங்கழுத்தா நிக்கும். மத்த விசாரணையைச் சப்பரம் சுத்தி முடிச்சப்புறம் வச்சுக்கோ.